இரத்தினம்மாவின் நாலாந் தர மோதிரம்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த சீவரத்தினம் முப்பத்தாறு வயதுவரை கலியாணம் செய்யாமல் இருந்ததற்குத் தோட்டம்தான் காரணம் என்று அவன் சொல்லிவந்தான். தாய்தான் காரணம் என்று ஊர் சொல்லிவந்தது. இரண்டும் பிழை. அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

1993இல் தாய் இரத்தினம்மாவின் காலில் ஒரு புண் வந்தது. மருந்தெடுக்க அவன் கொக்குவிலுக்குச் சைக்கிள் மிதித்தான். அங்கே ஒரு மருந்துக்கடையில் மகாதேவி வேலை பார்த்தாள். யுத்தமும் பொருளாதாரத் தடையுமான காலம், அலுமாரிகளில் போத்தல்களைவிடத் தூசுதான் அதிகம். "அந்த மருந்து இல்லை" என்பதை மகாதேவி சொன்ன மாதிரி மரியாதையாக வேறெவரும் சொல்லி அவன் கேட்டதில்லை. புண் தன்பாட்டில் ஆறிய பிறகும் அவன் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் அவள் நேரே கேட்டாள்.

"அந்த மருந்து இல்லையெண்டு போன மாதமே சொன்னனான். பிறகேன் வாறியள்?"

"நீங்கள் இல்லையெண்டு சொல்லுறதைக் கேக்கத்தான்."

அவனுக்கே தன் வாயிலிருந்து வந்தது ஆச்சரியமாக இருந்தது. அதற்கு மகாதேவி இல்லையென்று சொல்லவில்லை.

இரத்தினம்மா விசயத்தைக் கேட்டதும் தன் விரலிலிருந்த மோதிரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுக் கழற்றினார். மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்த அவருடைய கணவர் 1938இல் லீவில் வந்து நிச்சயத்தன்று போட்ட மோதிரம் அது. நடுவில் பர்மாச் சிவப்புக் கல் ஒன்று, இரண்டு பக்கமும் சின்ன வைரங்கள். வைரங்கள் அந்தக்காலத்து வெட்டு. இப்போதைய மெசின் வெட்டுப்போலப் பளீரென்று அடிக்காது. கையால், விளக்கு வெளிச்சத்துக்கென்றே வெட்டியவை. நாற்பது ஐம்பது வருடமாக மின்குமிழின் கீழே மங்கிக் கிடந்தன. மின்சாரம் நின்று வீடுகளில் ஜாம்போத்தல் விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் அவற்றுக்குத் திரும்ப உயிர் வந்தது. இரத்தினம்மா இரவில் சோறு போடும்போது கை அசைய அசைய ஓர் ஒளி மெதுவாக எழும்பி விழும். சீவரத்தினம் சின்ன வயதில் அதைக் கண்டதில்லை. வளர்ந்த பிறகு கண்டதால், அது அவனுக்குப் புது மோதிரம்போல இருந்தது.

மகாதேவியின் தாய் கமலாவதிக்கு மாப்பிள்ளையும் பிடித்தது, மோதிரமும் பிடித்தது. ஒன்றே ஒன்றுதான் குறை என்றார். சபையின் சான்றிதழ் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் மகளின் மோதிரத்துக்குச் சான்றிதழ் எடுத்துக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறார்களாம். கமலாவதி தன் வீட்டு விறாந்தையிலும் ஒரு படத்தைக் கழற்றி இடம் ஒதுக்கிவிட்டார்.

சபை என்றது குடாநாட்டுப் பழைய நிச்சய மோதிர மதிப்பீட்டுச் சபையை. அதன் வரலாறு சுருக்கமானது. புதுத் தங்கம் வருவது நின்றபிறகு, ஊரில் நடந்த நிச்சயங்கள் எல்லாம் பழைய மோதிரங்களிலேயே நடந்தன. அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து யாரோ ஒருவர், வெள்ளைக்காரர் புது மோதிரத்தைத் தொடுவதில்லை, தேடித் தேடிப் பழசைத்தான் வாங்குகிறார்கள் என்று உறவினருக்கு எழுதிவிட்டார். அதற்குப்பிறகு யாழ்ப்பாணத்தில் வறுமையாக இருந்தது ஒரே கிழமையில் நாகரிகம் ஆகிவிட்டது. யாருடைய மோதிரம் கூடுதல் பழசு என்ற சண்டை தொடங்கியது. சண்டை இருக்கும் இடத்தில் சபை இருக்க வேண்டும் என்று இளைப்பாறிய மூன்று உத்தியோகத்தர்கள் முடிவெடுத்தார்கள்.

தலைவர் தியாகலிங்கம் காணிக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்தவர். செயலாளர் மார்க்கண்டு ஸ்டேசன் மாஸ்டர். தண்டவாளமே பெயர்ந்துபோனபிறகும் கறுப்புக் கோட்டை விடவில்லை. பொருளாளர் கந்தப்பு இருவருக்கும் இளையவர் என்பதால் பாரமான வேலைகள் எல்லாம் அவருக்கு. வெளிநாடு போன ஒரு குடும்பத்தின் வீட்டைத் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் சபை இருந்தது.

முதல் அமர்வுக்குச் சீவரத்தினம் ஒரு குலை இதரை வாழைப்பழத்தோடு போனான். பழத்தைச் சபை ஏற்றுக்கொள்ளாது என்று மார்க்கண்டு சொன்னார். அதனால் அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு அவனைக் கை கழுவச் சொன்னார்கள். விலை என்ற சொல்லை அறைக்குள் உச்சரிக்கக்கூடாது, மதிப்பு என்றே சொல்லவேண்டும் என்று விளங்கப்படுத்தினார்கள். அறையின் யன்னல்கள் எல்லாம் அடைத்துக் கறுப்புத் துணி போட்டிருந்தது. நடுவில் மேசை. மேசைக்குப் பக்கத்தில் பின்சில்லு தரையில் படாமல் தூக்கி நிறுத்திய ஒரு சைக்கிள். சைக்கிள் டைனமோவிலிருந்து ஒரு வயர் மேசைக்குமேல் தொங்கிய சின்ன பல்புக்குப் போனது.

தலைவர் எழுந்து நின்று பேசினார். நிச்சய மோதிரத்தின் வரலாற்றை அவர் ரோமாபுரியிலிருந்து தொடங்கினார். ரோமர்கள் இரும்பில் போட்டார்கள். இடது கை நாலாம் விரலிலிருந்து இருதயத்துக்கு ஒரு நரம்பு ஓடுவதாக நம்பினார்கள். விக்டோரியா மகாராணிக்கு நிச்சயத்தின்போது பாம்பு வடிவ மோதிரம் போட்டார்கள். மகாராணியிலிருந்து நேரே தன்னிடம் வந்தார்.

"தங்கத்தைப் பத்தர் பார்ப்பார். கல்லைக் கல்லுக்காரன் பார்ப்பான். மதிப்பை நாங்கள் பார்ப்போம். நகை தெரிந்தவர்கள் மதிப்பிட வந்தால் நகையின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஆகவே நகையைப் பற்றி எதுவும் அறிந்த எவரும் இச்சபையில் அங்கத்தவராக இருக்க முடியாது. இந்த விதியை இன்றுவரை நாங்கள் மீறியதில்லை."

மீறியதில்லை என்பதை மற்ற இருவரும் தலையாட்டி உறுதிப்படுத்தினார்கள்.

கந்தப்பு சைக்கிளில் ஏறி மிதித்தார். பல்ப் எரிந்தது. தலைவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து மோதிரத்தைக் கிட்டப் பிடித்தார். கந்தப்புவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் வெளிச்சம் இறங்கியது. கல்லின் ஒளி நிலையாக இல்லை என்று தலைவர் சொன்னார், மார்க்கண்டு எழுதிக்கொண்டார். சீவரத்தினம் தயங்கித் தயங்கி, ஐயா மிதிக்கிறது குறைஞ்சுபோச்சு, அதுதான் என்றான். சபையின் வெளிச்சத்தில் விண்ணப்பதாரர் குறை சொல்லக்கூடாது என்று பதில் வந்தது. எங்கள் வீட்டு விளக்கில் நல்லாய்த் தெரியும், ஒருநாள் வந்து பாருங்கோ என்றும் சொல்லிப்பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே நல்லாய்த்தான் தெரியும், அதனால்தான் சபை அதை ஏற்பதில்லை என்று தலைவர் அன்பாக விளங்கப்படுத்தினார்.

கடைசியில், 1938இல் நடந்தது நிச்சயம்தான் என்பதற்கு உயிரோடிருக்கிற சாட்சிகள் வேண்டும் என்றார்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் மலாயாவில் செத்துப்போனார்கள், மீதிப்பேர் நீர்வேலியில் செத்துப்போனார்கள் என்று சீவரத்தினம் சொன்னான். சாட்சி இல்லாவிட்டால் மாற்று வழி உண்டு என்றார் தலைவர். அந்த நிச்சயத்தைச் சபையின் முன்னிலையில் திரும்ப ஒருமுறை நடத்திக் காட்டவேண்டும்.

"அப்பா செத்து எவ்வளவு காலம் ஐயா?"

"அது பிரச்சினை இல்லை தம்பி. மாப்பிள்ளையைச் சபை தரும்."

சீவரத்தினம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் இதைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். சொன்னபோது இரத்தினம்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. நல்ல சேலை ஒன்றை எடுத்து வெயிலில் போட்டார்.

இரண்டாம் அமர்வில் கந்தப்பு பட்டுவேட்டியும் சால்வையும் கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து நின்றார். மாப்பிள்ளையாக நிற்பதால் அவரால் மிதிக்க முடியாது. ஆகவே ஸ்டேசன் மாஸ்டர் கோட்டோடு சைக்கிளில் ஏறினார். இரத்தினம்மா கதிரையில் இருந்து மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். தலைவர் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு நடத்தினார். மாப்பிள்ளை எந்தப் பக்கம் நின்றவர்? வெற்றிலைத் தட்டம் எங்கே இருந்தது? இரத்தினம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கந்தப்பு மோதிரத்தை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தபோது கையை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ. என்ரை மனுசன் மோதிரத்தைப் போடேக்கை அழுதவர். இவர் அழுவாரோ?"

சபை இதை எதிர்பார்க்கவில்லை. அழுகை நிச்சயத்தின் உறுப்பா, அல்லது தனிப்பட்ட உணர்ச்சியா என்று தலைவரும் செயலாளரும் விவாதித்தார்கள். செயலாளர் மிதித்துக்கொண்டே விவாதித்ததால் அவருடைய கருத்துக்கள் வெளிச்சமாகவும் இருட்டாகவும் மாறி மாறி வந்தன. இறுதியில், நடந்தது நடந்தபடியே நடக்கவேண்டும் என்று முடிவானது. கந்தப்பு அழ முயன்றார். முகத்தைச் சுழித்துப் பார்த்தார், கண்ணைக் கசக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"அவர் ஏன் அழுதவரெண்டு தெரியுமோ?" என்று இரத்தினம்மா கேட்டார். "அடுத்த மாதம் திரும்பக் கப்பலேற வேணும். கூட்டிக்கொண்டு போகக் காசில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திட்டு அழுதவர். உங்களிலை ஆருக்கும் அப்பிடி ஆரையேன் விட்டிட்டுப் போக வேண்டி வந்ததோ?"

சைக்கிள் நின்றுவிட்டது. இருட்டில் தலைவரின் குரல், விண்ணப்பதாரரின் தாயார் சபையைக் கேள்வி கேட்க முடியாது என்றது. இரத்தினம்மா எழுந்து மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மோதிரம் மட்டும் சபையின் தட்டிலேயே இருந்தது. தீர்ப்பு வரும்வரை அது அங்கேதான் இருக்கவேண்டும் என்பது விதியாம்.

அன்றிரவு சோறு போடும்போது தாயின் வெறும் விரலைச் சீவரத்தினம் பார்த்தான். மோதிரம் இருந்த இடம் வெளிறிப் பள்ளமாகக் கிடந்தது. வெறும் கடதாசிக்காகத் தாயின் கையிலிருந்ததைக் கொண்டுபோய்ப் பிறத்தியாரிடம் குடுத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். அடுத்த நாள் காலை மருந்துக்கடைக்குப் போய் மகாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கவுண்டரில் இருந்த வெறும் போத்தல் ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். தீர்ப்பன்றைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். உங்கடை அம்மா ஒப்புக்கொள்ளமாட்டா என்றான் அவன். அம்மாவுக்கு நான் சொல்லுறன் என்றாள் அவள்.

தீர்ப்பு நாளில் நால்வரும் போனார்கள். கமலாவதி சான்றிதழை மடிக்காமல் கொண்டுவர ஒரு அட்டையும் எடுத்து வந்திருந்தார். கந்தப்பு மிதித்தார். தலைவர் தீர்ப்பை நின்றுகொண்டு வாசித்தார். ரோமாபுரி முடிந்து மகாராணி தொடங்கும் நேரத்தில் வானத்தில் குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டது.

இரத்தினம்மா உடனே எழும்பினார். பங்கர் எங்கை என்று கேட்டார். பின்வளவில் என்று மார்க்கண்டு சொன்னார். ஆனால் அமர்வு நடந்துகொண்டிருக்கும்போது சபை கலைய வேண்டுமானால் ஒருவர் பிரேரிக்கவும் இன்னொருவர் ஆமோதிக்கவும் வேண்டும் என்றார். சொல்லிவிட்டுத் தானே பிரேரித்தார். ஆமோதிக்கக் கந்தப்பு கை தூக்கினார். வெளிச்சம் தருபவர் மிதித்துக்கொண்டிருக்கும்வரை அவருக்கு வாக்கு இல்லை என்று தலைவர் நினைவூட்டினார். கந்தப்பு சைக்கிளிலிருந்து இறங்கினார். அறை இருண்டது. இருட்டில் எடுக்கும் தீர்மானம் செல்லாது என்றார் தலைவர். கந்தப்பு திரும்ப ஏறினார். பொம்மர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தாழ்ந்தது.

மகாதேவி எழுந்து போய்க் கறுப்புத் துணியை இழுத்து யன்னலைத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது. தட்டிலிருந்த மோதிரத்தை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இப்ப வெளிச்சம் இருக்கு. நீங்கள் ஆமோதிச்சு முடிச்சிட்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு இரத்தினம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினாள். சீவரத்தினமும் கமலாவதியும் பின்னால் ஓடினார்கள். அவர்கள் பங்கருக்குள் இறங்கிச் சிறிது நேரத்தில் கந்தப்பு வந்து குதித்தார். பிறகு மார்க்கண்டு. கடைசியாகத் தலைவர், தீர்ப்புத் தாளை நெஞ்சோடு அணைத்தபடி. தீர்மானம் நிறைவேறியதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிழக்கே எங்கேயோ குண்டு விழுந்தது. பங்கரின் கூரையிலிருந்து மண் கொட்டியது. தென்னங்குற்றி வாடையும் வியர்வையுமாக எல்லோரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். தலைவரின் முழங்கால் கமலாவதியின் முதுகில் இடித்தது. மகாதேவி பொத்திய கையை விரித்துச் சீவரத்தினத்திடம் நீட்டினாள்.

"போடுங்கோ."

"இஞ்சையோ?"

"இஞ்சையிருந்து வெளியிலை போவமோ தெரியாது. போறதெண்டால் போட்டுக்கொண்டு போவம்."

அவன் தாயைப் பார்த்தான். தாய், என்னை ஏன்ரா பாக்கிறாய், அவவைப் பார் என்றார். அவன் மோதிரத்தைப் போட்டான். அளவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது; மூட்டில் ஒரு நிமிடம் நின்று, பிறகு இறங்கியது. இது ஒழுங்கற்ற நடவடிக்கை என்று இருட்டிலிருந்து தலைவர் சொன்னார். அவருக்குப் பக்கத்திலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கந்தப்பு அழுதுகொண்டிருந்தார். பயத்திலா வேறெதற்கா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

பொம்மர் போனபிறகு எல்லோரும் வெளியே வந்து உடுப்பைத் தட்டினார்கள். அத்தோடு விடயம் முடிந்தது என்று சீவரத்தினம் நினைத்தான். சபை திரும்பக் கூடியது. விட்ட இடத்திலிருந்து, மகாராணியிலிருந்து, தலைவர் வாசித்தார்.

சபை மோதிரங்களை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. ஒருநாளும் விரலில் போடாதது முதலாந் தரம். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் போட்டது இரண்டாந் தரம். வீட்டுக்குள் போட்டது மூன்றாந் தரம். அடுப்படியில் போட்டது நாலாந் தரம். தோட்டத்திலும் கிணற்றடியிலும் போட்டது ஐந்தாந் தரம். இந்த மோதிரத்தில் அகப்பை பிடித்த தேய்வு காணப்படுவதால் இது நாலாந் தரம். மேலும் இறங்காமல் பாதுகாக்கும் பொருட்டுச் சபையே இதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும். சான்றிதழும், விரலில் போடுவதற்குப் பித்தளையில் செய்த ஒரு பிரதியும் மணமக்களுக்கு வழங்கப்படும்.

கமலாவதி அட்டையைக் கீழே இறக்கினார். முதலாந் தர மோதிரம் ஏதேனும் இருக்கிறதா என்று மகாதேவி கேட்டாள். தலைவருக்கு அந்தக் கேள்வி பிடித்தது. அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். நீலக்கல் மோதிரம், கீறல் இல்லை, செய்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. நிச்சயத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்களாம். அந்தப் பெண் கடைசிவரை கலியாணமே செய்யவில்லையாம். குடாநாட்டிலேயே மிகச் சிறந்த நிச்சய மோதிரம் இதுதான் என்று தலைவர் பெருமையோடு சொன்னார்.

மகாதேவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொடவில்லை.

"இதைப் போட ஒருத்தரும் இல்லாமல் ஒரு மனுசி இருந்து செத்திருக்கிறா. அதுக்கு நீங்கள் முதலாந் தரம் குடுத்திருக்கிறியள். மாமி இத்தனை வருசம் சோறு போட்ட கைக்கு நாலாந் தரம். உங்கடை தரம் உங்களோடையே இருக்கட்டும் ஐயா. நாங்கள் போறம்."

"மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போகலாம்," என்றார் தலைவர்.

"கழராது."

"எண்ணெய் போட்டால் கழரும் பிள்ளை."

"எண்ணெய் போட்டாலும் கழராது."

சான்றிதழ் கிடைக்காது, இந்த நிச்சயத்தைச் சபை ஒருபோதும் அங்கீகரிக்காது என்று தலைவர் எச்சரித்தார். சீவரத்தினம் உள்ளே போனான். தான் கொண்டுவந்த குலையில் மிச்சமிருந்த நாலைந்து பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தாயின் கையில் கொடுத்தான். சபை பழத்தை ஏற்றுக்கொள்ளாது என்று அன்றைக்கே சொன்னவை என்றான். வெளியே ரோட்டுக்கு வந்ததும் கமலாவதி முதல் பழத்தை உரித்தார்.

கலியாண எழுத்துப் பதிவு ஆவணியில் நடந்தது. கந்தப்பு மட்டும் வந்திருந்தார். சபையிலிருந்து விலகிவிட்டதாகச் சொன்னார். கேள்விப்பட்ட சனம் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் மோதிரங்களைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியிருந்தது. திருப்பிக் கொடுக்க விதி இல்லை என்று சொல்லிப்பார்த்த மார்க்கண்டு, பிறகு அலுமாரியைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

ஆனால் தலைவர் விடவில்லை. அங்கீகரிக்கப்படாத மோதிரத்தின் மதிப்பு இறங்குவதை அவதானிப்பது தன் கடமை என்று அவர் முடிவெடுத்தார். இடைக்கிடை நீர்வேலிக்குச் சைக்கிளில் வந்து வாழைத்தோட்டத்து வேலிக்கு வெளியே நிற்பார். ஒருநாள் மகாதேவி சேலையைச் செருகிக்கொண்டு, கை முழங்கைவரை சேறாக, வாழைகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்து வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மிகுந்த கவலையோடு சொன்னார்.

"பிள்ளை, இண்டைக்கு நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவிலை நிக்குது."

மகாதேவி மண்வெட்டியை எடுத்து அடுத்த வாய்க்காலை வெட்டித் திறந்தாள். தண்ணீர் பாய்ந்தது.

"நாளைக்கு வாங்கோ ஐயா, அஞ்சாக்கி வைக்கிறன்."